தகடு மடிப்பு அனிமேஷனுக்கு முழுப் பணமும் கொடுத்து ஏமாந்தேன்: நீங்களும் ஏமாறாதீர்கள்

கோவையில் மின் கட்டுப்பாட்டுப் பேனல் பெட்டிகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். எந்த மடிப்பை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பதைப் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்குத் திரையில் காட்டிப் புரியவைக்க விரும்பினேன். அதற்காக 600 × 400 × 200 மி.மீ. அளவுள்ள ஒரு சுவர்ப் பெட்டி, தட்டையான தகட்டில் தொடங்கி ஒவ்வொரு மடிப்பாக எழுந்து, கீலும் கதவும் பொருந்தி முடியும் வரை அனிமேஷனாகச் செய்து தருமாறு ஒரு டிசைன் நிறுவனத்திடம் கேட்டேன். ஆட்டோடெஸ்க் இன்வென்டர் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஷீட் மெட்டல் மாடலாகவே (மடிக்கவும் தட்டையாக விரிக்கவும் முடிகிற தகட்டு உருவமாகவே) உருவாக்கி, மூலக் கோப்பையும் லேசர் வெட்டுக்கான டிஎக்ஸ்எஃப் கோப்பையும் வீடியோவோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லி, 36,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். வீடியோ வந்த அன்றே, பெட்டி பளபளவென்று சுழன்றதைப் பார்த்த மகிழ்ச்சியில், மற்றக் கோப்புகளைத் திறந்துகூடப் பார்க்காமல் மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் பிரஸ் பிரேக்கை (மேலிருந்து பஞ்ச் என்ற அச்சு இறங்கி, கீழே டை என்ற பள்ள அச்சுக்குள் தகட்டை அழுத்தி மடிக்கும் எந்திரத்தை) ஓட்டும் அண்ணன். வீடியோவை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, "நாலு பக்கமும் எந்திரிச்சதுக்கு அப்புறம் இந்த லிப்பை எப்படிங்க மடிக்கிறது? பஞ்ச் எங்கங்க எறங்கும்?" என்று கேட்டார். அந்த வீடியோவில் 200 மி.மீ. உயரமுள்ள நான்கு பக்கங்களும் முதலில் எழுந்து நின்றன. அதன்பின் கதவு உட்காரும் விளிம்பு லிப்புகள் நான்கும் ஒரே நேரத்தில் உள்ளே திரும்பின. இது எந்தப் பட்டறையிலும் நடக்காத காரியம். தகடு தட்டையாக இருக்கும்போதே லிப்புகளை மடித்துவிட வேண்டும். பிறகு நீளமான இரண்டு பக்கங்களை எழுப்ப வேண்டும். கடைசி இரண்டு பக்கங்களுக்கு, ஏற்கெனவே எழுந்து நிற்கும் பக்கங்களுக்கு இடையில் நுழையும் அளவுக்குத் துண்டுப் பஞ்சுகளைச் சேர்த்து, லிப்பில் இடிக்காதபடி இரு முனைகளிலும் காது போல வெளியே நீளும் துண்டுகளைப் போட வேண்டும். பையன்களுக்கு நான் கற்றுக்கொடுக்க நினைத்தது இந்த வரிசையைத்தான். வீடியோ அதையே தலைகீழாகக் காட்டியது.

அதன் பிறகு வீடியோவைக் கட்டம் கட்டமாக நிறுத்திப் பார்த்தேன். பக்கத் தகடு 45 பாகையில் நிற்கும்போது மடிப்பில் ஆரமே இல்லை. காகிதத்தை மடித்தது போலக் கூர்மையாக இருந்தது. 90 பாகையை எட்டிய அடுத்த நொடியில் அந்த உருவம் மங்கி, ஆரம் உள்ள வேறொரு பெட்டி அதன் இடத்தில் தோன்றியது. அங்கே எந்தத் தகடும் மடிக்கப்படவில்லை. இரண்டு உருவங்களை ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

மூலக் கோப்பு என்று அவர்கள் அனுப்பியது ஒரு ஸ்டெப் கோப்பு. ஸ்டெப் கோப்பில் உருவம் மட்டும்தான் வரும். எந்த மடிப்பு எப்படி உருவாக்கப்பட்டது என்ற வரலாறு வராது. வெளியிலிருந்து வந்த ஒரு திண்ம உருவத்தையும் சில சமயம் ஷீட் மெட்டலாக மாற்றித் தட்டையாக விரிக்க முடியும் என்பதால் முயன்று பார்த்தோம். மூலைகளில் ரிலீஃப் வெட்டு (பக்கங்களைப் பிரித்துவிடும் சிறு வெட்டு) எதுவும் இல்லாமல் நான்கு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் அது விரியவே இல்லை. போதாக்குறைக்கு, நான் வரைபடத்தில் 15 மி.மீ. என்று குறித்த லிப் அதில் 8 மி.மீ. ஆக இருந்தது. 2 மி.மீ. தகட்டுக்கு நாங்கள் போடுவது 16 மி.மீ. வாயுள்ள வி டை, 8 மி.மீ. விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் சரிந்து விழுந்துவிடும்.

ஆனால் டிஎக்ஸ்எஃப் கோப்பில் லிப் சரியாக 15 மி.மீ. இருந்தது. அதாவது அந்த ஸ்டெப் கோப்பும் வெட்டுக் கோப்பும் ஒரே மாடலிலிருந்து வந்தவை அல்ல. இதை நான் கவனிப்பதற்குள் 12 தகடுகள் லேசரில் வெட்டப்பட்டுவிட்டன. மடிக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு, உள்பக்கத்திலிருந்து தகட்டின் தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதுதான் கே ஃபேக்டர். சோதனை மடிப்பு போட்டு நாங்கள் கண்டறிந்த கே ஃபேக்டர் 0.42 என்பதை எழுத்தில் கொடுத்திருந்தேன். அவர்களோ தகட்டின் நடுக்கோட்டு நீளங்களைக் கூட்டி விரிவை (பெட்டியைத் தட்டையாக விரித்த வடிவத்தை) வரைந்திருக்கிறார்கள், அது 0.5 என்று வைத்ததற்குச் சமம். உள் ஆரம் 2 மி.மீ. உள்ள 90 பாகை மடிப்பில் வளையும் பகுதியின் நீளம் 0.42 என்றால் 4.46 மி.மீ., 0.5 என்றால் 4.71 மி.மீ. கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். லிப், பக்கம், பக்கம், லிப் என்று குறுக்கே நான்கு மடிப்புகள் இருப்பதால் மொத்தம் 1 மி.மீ. கூடிவிட்டது, கீல் துளைகள் கதவோடு பொருந்தவில்லை.

கேட்டபோது, "நாங்கள் அனிமேஷனுக்குத்தான் பொறுப்பு, உற்பத்திக்கு இல்லை" என்று பதில் வந்தது. அதன் பிறகு அழைப்பை எடுப்பதில்லை. பணமும் திரும்பவில்லை.

இத்தகைய வேலையைக் கொடுக்கப் போகிறவர்கள், மீதிப் பணத்தைத் தருவதற்கு முன், திரைப் பகிர்வில் ஒரே ஒரு காரியத்தைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: ஏதாவது ஒரு மடிப்பின் கோணத்தை 90 இலிருந்து 60 ஆக மாற்றட்டும், பிறகு விரிவைத் திறக்கட்டும். உண்மையான ஷீட் மெட்டல் மாடல் என்றால் மடிப்பும் நகரும், விரிவின் நீளமும் அதோடு மாறும். விரிவில் மடிப்பு வரிசை எண்களைக் குறிக்கும் வசதி இன்வென்டரிலேயே இருக்கிறது. அதையும் கேளுங்கள், உங்கள் பெண்டிங் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சரிபாருங்கள். டிஎக்ஸ்எஃப் கோப்பில் மேல்மடிப்புக் கோடுகளும் கீழ்மடிப்புக் கோடுகளும் தனித்தனி அடுக்குகளில் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் வெட்டுக் கோடுகள் மட்டும்தான் இருந்தன. அதை அன்றே பார்த்திருந்தால் தகடுகளாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது அந்த வேலையை எங்கள் வரைவாளரே செய்து முடித்திருக்கிறார். எட்டு மடிப்புகளின் கோணத்துக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, இன்வென்டரின் அனிமேஷன் பகுதியான இன்வென்டர் ஸ்டுடியோவில் அந்த அளவுகளையே ஒவ்வொன்றாக நகர்த்தி மடிப்புக் காட்சியைப் பாகக் கோப்பிலும், கதவு பொருத்தும் காட்சியை அசெம்பிளிக் கோப்பிலும் எடுத்து இணைத்தார். லிப்புகள்தான் அதில் முதலில் மடிகின்றன.