ஜிப்சம் பார்டிஷனில் ஷெல்ஃப் மாட்டக் கொடுக்கிறீர்களா? பில்லில் ஆங்கர், சுவரில் பிளாஸ்டிக் பிளக்

சென்னையில் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகம். ஜிப்சம் போர்டு பார்டிஷனில் 3 அடி ஷெல்ஃப்கள் மாட்ட ஓர் இன்டீரியர் கடையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். பில்லில் 'ஹெவி டியூட்டி ஆங்கர்' (அதிக பாரம் தாங்கும் பிடிப்பான்) என்று தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஃபைல் அடுக்கிய கொஞ்ச நாளில் மேல் ஷெல்ஃப் பெயர்ந்து கீழே இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. பெயர்ந்த இடத்தில் இருந்தது செங்கல் சுவருக்குப் போடும் 8 எம்எம் பிளாஸ்டிக் பிளக், அதில் கறுப்பு ட்ரைவால் ஸ்க்ரூ. இது ஏமாற்று வேலைதான்.

பிளக் விரிந்து சுற்றிலும் இறுக்கினால்தான் பிடிக்கும். போர்டின் கனமே 12.5 எம்எம். 40 எம்எம் பிளக்கில் முக்கால்வாசி உள்ளே வெற்றிடத்தில் தொங்கும். மிச்சம் பிடித்திருக்கும் ஜிப்சமும் விரிய விரியப் பொடியும். ட்ரில்லை ஹேமர் மோடிலேயே வைத்துத் துளைத்திருந்ததால் போர்டின் பின்பக்கக் காகிதமும் பிய்ந்திருந்தது. கறுப்பு ஸ்க்ரூ போர்டை ஸ்டட்டில், அதாவது போர்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் தகடுச் சட்டத்தில், பிடிக்கத்தான். பிராக்கெட்டில் போட்டால் பாரத்தில் தலை தெறித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 3 அடியில் பத்து பாக்ஸ் ஃபைல், சுமார் 30 கிலோ. இரண்டு பிராக்கெட் என்றால் ஆளுக்கு 15. ஷெல்ஃப் அகலம் 30 செமீ, எனவே பாரம் சுவரிலிருந்து 15 செமீ தள்ளி நிற்கிறது. மேல் ஸ்க்ரூவுக்கும் பிராக்கெட்டின் அடிக்கும் 10 செமீதான் இடைவெளி என்றால், அந்த ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை 22 கிலோவுக்கு மேல். 25 செமீ உயர பிராக்கெட் போட்டிருந்தால் அதே பாரத்துக்கு 9 கிலோதான். யாருமே பிராக்கெட் உயரத்தைக் கேட்பதில்லை, கேளுங்கள்.

புகார் சொன்னதும் வந்த ஆள் அதே ஓட்டையில் பிஓபி அடைத்து, காய்ந்ததும் திரும்ப அதே பிளக்கை அடித்தார். அதற்கும் கூலி! நொறுங்கிய ஓட்டையில் எதை அடைத்தாலும் பாரம் தாங்காது. குறைந்தது 10 செமீ தள்ளிப் புதிதாகப் போட வேண்டும்.

சரியான வழி ஸ்டட்டைப் பிடிப்பதுதான். காந்தத்தைச் சுவரில் நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்களில் அது செங்குத்து வரிசையாக ஒட்டும் இடம் ஸ்டட். அடுத்தது பெரும்பாலும் 2 அடி தள்ளி இருக்கும். 18 எம்எம் ப்ளைவுட் பட்டையைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு ஸ்டட்டிலும் இரண்டு 50 எம்எம் செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ போட்டு, பிராக்கெட்டை அந்தப் பட்டையில் மாட்டலாம். ஜிஐ ஸ்டட் தகடு அரை எம்எம்தான் என்பதால் ஒரே ஸ்டட்டை நம்பக் கூடாது. பார்டிஷன் இன்னும் மூடவில்லை என்றால் உள்ளேயே ப்ளைவுட் வைக்கச் சொல்லிவிடுங்கள், அதைவிட நல்ல வழி எதுவும் இல்லை.

ஸ்டட் கிடைக்காத இடத்துக்கு மெட்டல் டாகிள் போல்ட். பின்னால் இறக்கை விரிந்து போர்டைப் பிடிக்கும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் எடை பெரும்பாலும் பிய்யும் எல்லை. அதில் கால் பங்குதான் உங்கள் கணக்கு. உள்ளே சத்தத்தைத் தடுக்கும் ராக்வூல் பஞ்சு திணித்திருந்தால் இறக்கை முழுதாக விரியாமல் போகலாம், இழுத்துப் பார்த்துவிட்டு முறுக்கச் சொல்லுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்க விடாதீர்கள், வயர் ஓடும்.

பில்லில் ஆங்கர் என்றால் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் காட்டச் சொல்லுங்கள். டாகிளுக்குப் பெரும்பாலும் 12 எம்எம்முக்குக் குறையாத ஓட்டை வேண்டும். ஆள் 8 எம்எம் பிட்டை மாட்டினால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.