"ஊருக்கு ஒரு ஃபியூஷன் ஆலை" என்று பங்குப் பணம் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்

பல்லடம், சூலூர் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். நான் இழந்தது 1,50,000 ரூபாய். எங்கள் ஊரில் மட்டும் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர்.

தறிக்காரனுக்குக் கரண்ட் பில் எவ்வளவு பெரிய பாரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது தெரிந்துதான் வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் கூட்டம், மதியச் சாப்பாடு. எங்களைக் கூப்பிட்டது பங்காளி முறையில் அண்ணன் ஒருவர். அவரும் பணம் கட்டி ஏமாந்தவர்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலைந்து ஊர் சேர்ந்து 5 மெகாவாட்டில் ஒரு ஃபியூஷன் ஆலை, அதாவது அணுக்களை ஒன்றாக இணைத்து அதில் வரும் வெப்பத்தில் கரண்ட் எடுக்கும் ஆலை போடுவதுதான் திட்டம். சூரியனில் நடப்பது இங்கேயும் நடக்கும், எரிபொருள் கடல் தண்ணீர், பதினெட்டு மாதத்தில் கரண்ட், பங்கு எடுத்தவர்களுக்கு ஆயுசுக்கும் யூனிட் 2 ரூபாய் என்றார்கள். மேடையில் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. உள்ளே ஊதா வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. இதுதான் ஃபியூஷன் என்று காட்டினார்கள்.

அவர்கள் திரையில் போட்ட செய்திகள் எல்லாம் உண்மை. நான் நம்பியது அதனால்தான். 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். சரி. ஆனால் அந்த லேசரை ஓட்ட மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். அதை மண்டபத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட் 2028-லிருந்து ஃபியூஷன் மின்சாரம் வாங்க 2023-லேயே ஒப்பந்தம் போட்டது. கூகுள் வர்ஜீனியாவில் வரப்போகும் ஆலையிலிருந்து 200 மெகாவாட் வாங்கப் பேசி முடித்திருக்கிறது. எல்லாம் வரப்போகிற மின்சாரத்துக்கான ஒப்பந்தங்கள். இதுவரை எந்த ஊர் வீட்டிலும் ஃபியூஷன் கரண்டில் ஒரு பல்புகூட எரிந்ததில்லை.

பணம் கட்டி மூன்று மாதம் கழித்து அண்ணன் மகள் லீவுக்கு வந்தாள். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். என் போனில் இருந்த வீடியோவைப் பார்த்ததுமே, "சித்தப்பா, இது பிளாஸ்மா விளக்கு. கண்காட்சியில விப்பாங்க" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினாள். கடல் தண்ணீரில் கிடைப்பது டியூட்டிரியம் என்கிற ஒரு வகை ஹைட்ரஜன், அது நிஜம். கூடவே டிரிட்டியம் என்கிற இன்னொரு வகை ஹைட்ரஜனும் வேண்டும். அது இயற்கையில் கிடைப்பது மிகமிகக் குறைவு. கனநீர் அணு உலைகளில் உண்டாவதைப் பிரித்தெடுக்கிறார்கள். உலகத்தில் விற்பனைக்கென்று இருப்பதே சில பத்து கிலோதான். 12 வருஷத்தில் அதிலும் பாதி தானாகவே கரைந்துவிடும். ஒரு கிராம் சுமார் 30,000 டாலர், நம் பணத்தில் 25 லட்சம். 5 மெகாவாட் கரண்ட் வேண்டுமென்றால் 15 மெகாவாட் அளவுக்காவது வெப்பம் உண்டாக்க வேண்டும். அதற்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 800 கிராம் டிரிட்டியம் தீரும். 200 கோடி ரூபாய். ஆலை ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினாலும் வருஷத்துக்கு 4.38 கோடி யூனிட்தான் வரும். யூனிட் 2 ரூபாய் என்றால் வரவு 8.76 கோடி. லித்தியம் என்கிற உலோகத்திலிருந்து ஆலையே தனக்கு வேண்டிய டிரிட்டியத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்பது விஞ்ஞானிகளின் திட்டம். ஆலை அளவில் அதை இன்னும் யாரும் செய்து காட்டவில்லை.

சின்னதாகப் போட்டால் செலவு குறையும் என்று நானும் நினைத்தேன். டம்ளர் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும், அண்டா வெந்நீர் ஆறாது, ஃபியூஷன் நடக்கிற பயங்கர சூடான வாயுவான பிளாஸ்மாவும் அப்படித்தான் என்றாள். ஃபியூஷனில் பறந்து வரும் நியூட்ரான் துகள்களைத் தடுக்கும் சுவரும் ஆலை சின்னது என்பதற்காக அந்த அளவுக்கு மெலியாது. இந்தியாவும் சேர்ந்து ஏழு தரப்பு பிரான்ஸில் கட்டுகிற ஈட்டர் இயந்திரத்தின் எடை மட்டும் 23,000 டன். அது மின்சாரம் தயாரிக்கவே போவதில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும்தான். அதில் டிரிட்டியம் போட்டு ஓட்டுவதே 2039-ல் என்று 2024-ல் சொன்னார்கள். பல்லடத்துக்கு எப்படிப் பதினெட்டு மாதம்?

அடுத்த நாளே அவர்கள் ஆபீசுக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. போன் எடுக்கவில்லை. ரசீதை அன்றுதான் முழுசாகப் படித்தேன். பங்கு என்ற வார்த்தையே அதில் இல்லை. "தொழில்நுட்ப ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று பொடி எழுத்தில் அடித்திருந்தார்கள். பணம் கட்டும் முன் ரசீதின் மாதிரியை வாங்கி, வீட்டில் படித்த பிள்ளை யாரிடமாவது காட்டுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

பதினோரு பேரும் சேர்ந்து பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். "யூனிட் 2 ரூபாய்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்திருக்கிறோம். நீங்களும் கட்டியிருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள். நோட்டீஸ், வீடியோ, பணம் அனுப்பிய வங்கி விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.

உடுமலைப் பக்கம் இதே மாதிரி ஒரு கூட்டம் நடக்கப்போவதாக நேற்று ஒருவர் சொன்னார். போகிறவர்கள் பணம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். டிரிட்டியம் எங்கிருந்து வரும், கிராம் என்ன விலை என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேளுங்கள்.