ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில்: போகும்போது தேம்பாவணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

வேளாங்கண்ணிக்கு வண்டி பிடிக்கிறவர்களில் பலர் ஏலாக்குறிச்சியைக் கேள்விப்பட்டதே இல்லை. தமிழ் மேல் பிரியமுள்ளவர்களுக்கு டெல்டா பக்கம் இதைவிட அருமையான மாதா கோயில் கிடையாது.

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் சாலை. திருவையாறு தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்து, திருமானூரில் கிழக்கே திரும்ப வேண்டும். பேருந்தில் போனால் திரும்பும் வண்டி நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இத்தாலியில் 1680இல் பிறந்த இயேசு சபைத் துறவி பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், தங்கிப் பணியாற்றிய ஊர் இது. திருக்காவலூர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயருக்கு வந்த ராஜபிளவை என்ற கொடிய கட்டியை அவர் குணமாக்கினார், அதற்கு நன்றியாகக் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்பது ஊர் வழக்கு. இந்த மாதாவுக்காக அவர் பாடியதுதான் திருக்காவலூர்க் கலம்பகம்.

உள்ளே போவதற்கு முன் ஊர்ப் பெயர்ப்பலகையில் முதல் எழுத்தைக் கவனியுங்கள். பழைய முறையில் குறில் எகரத்துக்கு மேலே புள்ளி உண்டு, நெடிலுக்குக் கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். அப்புறம் படிப்பவருக்கு எரியா ஏரியா என்று குழப்பம். நெடிலுக்குக் கீழே கோடு இழுத்து 'ஏ' என்றும், உயிர்மெய்யில் கொம்பை மேலே சுழித்தும் வேறுபடுத்தியவர் வீரமாமுனிவர். 'ஏலாக்குறிச்சி'யின் ஏ, 'வேளாங்கண்ணி'யின் வே இரண்டிலும் அவர் கை இருக்கிறது! கோயிலில் எதைப் பார்த்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சூசையப்பரைப் பற்றி வீரமாமுனிவர் பாடிய காப்பியம் தேம்பாவணி. 36 படலம், 3,615 பாட்டு. முழுசாகப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. நாட்டுப் படலம் மட்டும், உரையோடு கூடிய பதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உரை இல்லாவிட்டால் நாலு பாட்டில் அலுத்துவிடும். சூசையப்பரின் யூதேயாவைப் பாடும்போது அவர் தமிழ்க் காப்பிய மரபுப்படி நீர்வளமும் வயல்வளமும் வைத்துப் பாடுகிறார். பாலைநிலத்துக்கு இவ்வளவு பச்சை எங்கிருந்து வந்தது என்று கொள்ளிடக் கரை வயலைப் பார்த்துக்கொண்டே படித்தால் சட்டென்று புரியும்.

அதற்கு மாதம் பார்த்துப் போக வேண்டும். கோடையில் கொள்ளிடம் வெறும் மணல். முக்கொம்பு அணையில் உபரி நீர் திறந்தால்தான் ஆறு நிறையும். வயல் பச்சையாக இருக்க ஐப்பசி முதல் மார்கழி வரை தோது, ஆனால் அடைமழை நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலும் வீரமாமுனிவர் எழுப்பியதே. அதையும் இதே நாளில் சேர்த்தால் இரண்டையும் அவசரமாகத்தான் பார்க்க முடியும். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.