ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஒளி அலாரம்: வாங்கலாமா?

வார நாள்களில் ஐந்தரைக்கு எழுந்துவிட்டு ஞாயிறன்று ஒன்பது மணிவரை உறங்குபவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வராமல் போவதும், திங்கள் காலையில் தலை கனப்பதும் பழகிப்போன தொல்லை. வார நாளுக்கும் விடுமுறைக்கும் இடையிலான இந்த உறக்க நேர வேறுபாட்டுக்கு ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோன்னெபெர்க்கும் அவருடைய குழுவினரும் 2006இல் 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயரிட்டனர். அந்த வேறுபாட்டைக் குறைப்பதற்காகவே ஒளியால் எழுப்பும் இந்த அலாரம் விளக்கை 2,500 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினேன்.

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே விளக்கு மங்கிய சிவப்பில் எரியத் தொடங்கி, செம்மஞ்சளாகி, கடைசியில் வெளிர்மஞ்சளாக அறை முழுவதும் பரவுகிறது. அதன் பிறகுதான் பறவை ஒலி மெதுவாகக் கேட்கிறது. (அது எந்த நாட்டுப் பறவையோ, நம் வீட்டு மதிற்சுவர்க் காகம் அதை நாள்தோறும் வென்றுவிடுகிறது.) உடல் கடிகாரத்தையே இது மாற்றியமைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் விழித்திரை உயிரணுக்கள் நீல ஒளிக்கே அதிகம் தூண்டப்படுகின்றன. மூடிய இமையோ நீலத்தைப் பெரும்பாலும் தடுத்து, சிவப்பையே கூடுதலாக உள்ளே விடுகிறது. உறக்கம் கலையத் தொடங்கிய பிறகு ஒலி வருவதால் திடுக்கிட்டு எழ வேண்டியிருப்பதில்லை என்பதே நான் கண்ட பலன். மற்றதை, எழுந்தவுடன் மொட்டை மாடியில் சிறிது நேரம் நிற்கும்போது காலை வெளிச்சம் பார்த்துக்கொள்கிறது.

வார நாள்களுக்கும் சனி, ஞாயிறுக்கும் தனித்தனி நேரம் குறிக்க முடிவது இதன் சிறந்த அம்சம். விடுமுறை நேரத்தை எட்டரையில் தொடங்கி, வாரந்தோறும் 15 நிமிடம் முன்னால் நகர்த்தி, ஆறரையில் நிறுத்தியிருக்கிறேன்; விடுமுறை நாளில் அதற்கும் முன்னால் எழுந்து சாதிக்கப்போவது எதுவுமில்லை.

குறைகள் உண்டு. உள்ளே பேட்டரி இல்லாததால் மின்சாரம் போய் வந்தால் திரையில் 12:00 கண்சிமிட்டுகிறது, குறித்துவைத்த நேரங்கள் எல்லாம் அழிந்துவிடுகின்றன. இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகிய பிறகே நிம்மதி கிடைத்தது. திரையின் நீல எண்களை முழுவதும் அணைக்க வழியில்லாததால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அருகில் உறங்குபவரையும் விளக்கு சேர்த்தே எழுப்பிவிடும் என்பதால், வாங்குமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னையில் ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரியில்தான் ஆறரை ஆகிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ளவர்கள் இரவில் திரைச்சீலையைச் சற்று விலக்கிவைத்துவிட்டு இந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். ஏசிக்காகக் கதவும் ஜன்னலும் அடைத்து, கனத்த திரை போட்ட அறையில் உறங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பேட்டரி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.