ஃபோர்ட் கொச்சி – வைப்பின் ஜங்கார்: பன்னிரண்டு வருட அனுபவம்

எங்கள் வீடு ஃபோர்ட் கொச்சியில், தோபிகானாவுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். வேலை எதிர்க்கரையில், வைப்பின் தீவில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுவது. 2013இலிருந்து வாரத்துக்கு ஆறு நாள் அழிமுகத்தை, அதாவது காயல் கடலில் சேரும் வாயை, கடந்து போய் வருகிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் “ஜங்காரில் வண்டியை ஏற்றலாமா, பயமில்லையா?” என்று கேட்பார்கள். ஜங்கார் என்றால் வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிப் போகிற தட்டையான படகு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. தண்ணீரில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதையே தோப்பும்படி, எர்ணாகுளம், கோஸ்ரீ பாலம் என்று சாலையில் சுற்றினால் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். காலை நெரிசலில் அது ஒரு மணி நேரத்தை விழுங்கும். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தபோது எர்ணாகுளம் போகிற வைப்பின்காரர்களுக்கு விடிவு வந்தது. ஃபோர்ட் கொச்சிக்காரர்களுக்கு இன்றும் ஜங்கார்தான்.

நான் சேர்ந்த புதிதில் நடந்து போகிறவர்களுக்கு மரப் படகு, வண்டிகளுக்குப் பழைய ஜங்கார். 2015 ஆகஸ்ட் 26, ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வைப்பினிலிருந்து வந்த அந்தப் பயணிகள் படகு மீன்பிடிப் படகு மோதி உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். ஃபோர்ட் கொச்சிக் கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அந்த நேரம் அலுவலகத்தில் இருந்தேன். அம்மா பத்து முறை போன் செய்திருந்தார். அன்று மாலை பேருந்தில் சுற்றிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தண்ணீரில் கால் வைக்கவில்லை. இன்றும் மீன்பிடிப் படகு ஒன்று வேகமாகக் குறுக்கே வந்தால் என் கை தானாகக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

2018 ஏப்ரலில் இப்போதுள்ள ரோ-ரோ ஜங்கார்கள் வந்தன. எங்கள் வாழ்க்கையை மாற்றியது அதுதான். இரண்டு முனையிலும் சாய்தளம் இருப்பதால் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் நேராக இறங்கிப் போய்விடலாம். ரிவர்ஸ் எடுக்கிற வேலையே இல்லை. லாரி, கார், ஆட்டோ, ஸ்கூட்டர், நடக்கிறவர்கள், மீன் கூடைக்காரிகள் எல்லாரும் ஒரே தளத்தில்.

ஸ்கூட்டரில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாய்தளத்தில் ஏறும்போது நடுவில் நிறுத்தாதீர்கள், பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். அந்த இரும்பில் எப்போதும் உப்புத் தண்ணீரும் கொஞ்சம் வழுக்கலும் இருக்கும். மேலே போனதும் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியிலேயே இரண்டு காலையும் ஊன்றி உட்காருங்கள். சைடு ஸ்டாண்டை நம்பாதீர்கள். கரை தட்டும்போது வரும் குலுக்கலில் ஸ்டாண்ட் மடங்கி, பக்கத்து வண்டிமேல் என் வண்டி சாய்ந்திருக்கிறது. நீர் இறங்கியிருக்கும் நேரத்தில், வேலியிறக்கம் என்பார்கள் இங்கே, சாய்தளம் செங்குத்தாகிவிடும். தாழ்வான கார்களுக்கு முன்பக்கம் உரசும். கயிறு பிடிக்கிற சேட்டன் கையைக் காட்டினால் அவர் சொல்கிற கோணத்திலேயே போங்கள், அவருக்கு அந்தச் சரிவு அத்துப்படி.

மழைக்காலம் வேறு கதை. வைப்பின் என்பதே தண்ணீர் கொண்டுவந்து வைத்த மண். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தோடுதான் இந்தத் தீவு உருவானது என்று சொல்வார்கள். தெற்கு முனையில் உள்ள ஊருக்குப் புதுவைப்பு என்றே பெயர். தமிழருக்கு விளக்கம் வேண்டாத சொல். அந்த மண் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜெட்டி ஓரம் தூர்ந்துபோனால் ஜங்கார் அணைவதற்குள் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போகும். ஜூன், ஜூலையில் ஆற்று நீர் கடலை நோக்கிப் பாயும்போது ஜங்கார் நேராகப் போகாது, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். அது ஓட்டுகிறவரின் கைத்திறமை, பயப்பட வேண்டாம். ஆகாயத்தாமரையும் அப்போது கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். பக்கத்தில் உள்ள வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கப்பல் வந்தால், அது கடக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவ்வளவு பெரிய கப்பல் அத்தனை பக்கத்தில் போவதை என் மகன் இன்றும் வாய் பிளந்து பார்ப்பான்.

சரி, குறை என்ன? இரண்டு ஜங்காரும் ஓடினால் சொர்க்கம். ஒன்று பழுதுக்குப் போய்விட்டால் வரிசை சாலை வரை நீளும். ஒரு முறை இப்படித்தான் முக்கால் மணி நேரம் காத்து நின்று, அத்தைக்கு ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த டோக்கன் வீணானது. பள்ளிப் பிள்ளைகளும் மீன் விற்கிற பெண்களும் வெயிலில் நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. மூன்றாவதாக ஒரு ஜங்கார் வேண்டும், நடக்கிறவர்களுக்குத் தனிப்படகு எந்நாளும் ஓட வேண்டும். இதை ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வாட்டர் மெட்ரோ 2023இல் வந்தது. ஹைகோர்ட்டிலிருந்து வைப்பினுக்கு முதல் தடம். ஏசி, மின்கலத்தில் ஓடும் படகு, சத்தமே இல்லை. கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் எர்ணாகுளத்திலிருந்து வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதில் ஏறலாம். ஆனால் என் ஸ்கூட்டரை அதில் ஏற்ற முடியாது. எனக்கு ஜங்கார்தான்.

வைப்பின் தீவில் உள்ள செராய் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் 31 அன்று பாப்பாஞ்ஞி என்னும் கிழவன் பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஊரே ஃபோர்ட் கொச்சியில் திரளும். அன்றைக்கு வண்டியோடு வரவே வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் காத்திருப்பு குறைவு. அப்போது ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஏறினால் இடது பக்கக் கம்பியோரம், கடலைப் பார்த்து நில்லுங்கள். சீனவலைகளுக்கு முன்னால் சில நாள் டால்பின்கள் முதுகு காட்டும். போன வாரம் மூன்று பார்த்தேன்.