தஞ்சைப் பெரிய கோயில்: நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்

காலை 6 மணிக்கே நுழைந்துவிடுவது நல்லது. நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கல்தரை காலைச் சுடும், சின்னக் குழந்தைகளால் தாங்க முடியாது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேரளாந்தகன் வாயிலை அவசரமாகக் கடக்காதீர்கள். அதை அடுத்த ராஜராஜன் வாயிலின் துவாரபாலகர்கள் சோழர் சிற்பத்தின் உச்சம். நந்தி முன்னால்தான் கூட்டம் மொய்க்கும். அது நாயக்கர் காலத்தது. 1010இல் முடிந்த 216 அடி விமானத்தை, அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்தை, சாய்வெயிலில், வடக்குத் திருச்சுற்றில் தள்ளி நின்று பாருங்கள். நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நன்றாகவே விழுகிறது.

உண்மையான புதையல் அடித்தளக் கல்வெட்டுகள். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்’ என்று, கோயிலைக் கட்டிய சோழ மன்னன் ராஜராஜன் தன் கொடையோடு அக்காள் குந்தவையின் கொடையையும் சேர்த்து வெட்டச் சொன்ன வரி இங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் படும்போதுதான் எழுத்து தெளியும். உச்சிவெயிலில் கல் வெறுமையாகத் தெரியும். படிக்கத் தெரிந்த ஒருவரோடு போனால் இரண்டு மணி நேரமும் போதாது.

பெரிய ஏமாற்றம், கருவறையைச் சுற்றிய உள்சுற்றின் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாததுதான். பாதுகாப்புக்காக என்பது புரிகிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

மதியம் நடை சாத்தியதும் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகலாம். சோழர் செப்புத்திருமேனிகளுக்காகவே அங்கே ஒரு மணி நேரம் வேண்டும்.