ஃபேமிகாமா, என்.இ.எஸ்ஸா, பரணில் கிடக்கும் டிவி கேமா? எட்டு பிட் சேகரிப்பில் காசை எங்கே போடுவது

பழைய வீடியோ கேம் சேர்க்கலாம் என்று கிளம்பும் நம் ஊர்க்காரர்கள் பலர் முதல் அடியிலேயே வழி மாறிப் போகிறார்கள். யூடியூபில் அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் அலமாரிகளைப் பார்த்துவிட்டு, நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சாம்பல் நிற என்.இ.எஸ். கருவியை வரவழைப்பார்கள். ஷிப்பிங், சுங்க வரி எல்லாம் கட்டி வீட்டுக்கு வந்ததும், சின்ன வயதில் தம்பியோடு சண்டை போட்டு ஆடிய டேங்க் கேமைத் தேடுவார்கள். அகப்படாது. அந்த ஆட்டத்தின் பெயர் பேட்டில் சிட்டி. நாம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பானில், நின்டெண்டோவின் ஜப்பானியக் கருவியான ஃபேமிகாமுக்காக வெளியிட்டது. அமெரிக்க என்.இ.எஸ்ஸுக்கு அது வரவே இல்லை. சர்க்கஸ் சார்லி, நட்ஸ் அண்ட் மில்க், பைனரி லேண்ட், கேலக்ஸியன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

காரணம் எளிது. 1990களில் நம் வீடுகளில் டிவி கேம் என்ற பெயரில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானிய ஃபேமிகாமின் நகல்கள். அமெரிக்கக் கருவிக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேசட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்: ஃபேமிகாம் கேசட்டின் விளிம்பில் 60 பின் (கருவியைத் தொடும் உலோக முனைகள்), என்.இ.எஸ். கேசட்டில் 72. பரணில் கிடக்கும் பழைய கேசட் பெரும்பாலும் ஃபேமிகாமில் அப்படியே உட்காரும். என்.இ.எஸ்ஸில் தனி அடாப்டர் இல்லாமல் நுழையவே நுழையாது. ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் நினைவில் இருக்கும் ஆட்டங்களைச் சேர்க்க வேண்டுமென்றால் ஃபேமிகாம்தான். மற்றவை ஏன் இல்லை, எப்போது ஆம் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஜப்பானில் வந்தது. சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னப் பெட்டி. கண்ட்ரோலர்கள் இரண்டும் பெட்டியோடு நிரந்தரமாக ஒயரில் பிணைக்கப்பட்டவை. இரண்டாவது கண்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன்கள் கிடையாது. அதற்குப் பதில் ஒரு மைக். அதே கருவியை 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நின்டெண்டோ தோற்றத்தையே மாற்றியது. 1983இல் அங்கே வீடியோ கேம் சந்தை சரிந்திருந்ததால் கடைக்காரர்களுக்கு அந்தப் பேச்சே கசந்தது. அதனால் வி.சி.ஆர். மாதிரி முன்பக்கக் கதவைத் திறந்து கேசட்டை உள்ளே தள்ளி அமுக்கும் அமைப்பு வந்தது.

அந்தக் கதவுதான் என்.இ.எஸ்ஸின் தலைவலி. கேசட்டை அமுக்கி அமுக்கி உள்ளே இருக்கும் இணைப்பானின் பின்கள் தளர்ந்துவிடும். இதற்கு மேல் லாக் சிப் வேறு. அனுமதி இல்லாத கேசட்டுகளைத் தடுக்க, கருவிக்குள் ஒன்று, கேசட்டுக்குள் ஒன்று என்று இரண்டு சிப்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். அழுக்கால் அந்தப் பேச்சு அறுந்தால் கருவி விநாடிக்கு ஒரு முறை ரீசெட் ஆகும். சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று அணைந்து எரிவது அதனால்தான். கேசட்டில் வாயால் ஊதுவது இதற்கு மருந்தில்லை. ஊதும்போது போகிற ஈரம் நாளடைவில் பின்களை அரிக்கும். கழற்றி மாட்டுவதால்தான் சில நேரம் வேலை செய்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸால் துடைப்பதே சரியான வழி. ஃபேமிகாமில் கேசட் மேலிருந்து நேராக இறங்குகிறது, லாக் சிப்பும் இல்லை. நாற்பது வயதான கருவி என்றாலும் தொல்லை குறைவு.

ஒலியிலும் ஜப்பானியக் கருவிக்கு ஒரு மேன்மை உண்டு. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபேமிகாமின் 60 பின்களில் இரண்டு ஒலிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கருவியின் ஒலி ஒரு பின் வழியாகக் கேசட்டுக்குள் போகும். கேசட்டில் இருக்கும் சிப் தன் ஒலியையும் கலந்து மற்றொரு பின் வழியாகத் திருப்பி அனுப்பும். ஆக, ஆட்டத்தைச் செய்தவர்கள் விரும்பினால் கேசட்டுக்குள்ளேயே கூடுதல் வாத்தியங்களை வைத்து அனுப்பலாம். 1989இல் கொனாமி வெளியிட்ட அகுமாஜோ டென்செட்சு அப்படித்தான் வந்தது. அதில் இருக்கும் வி.ஆர்.சி.6 சிப் மூன்று ஒலித்தடங்களைக் கூடுதலாகத் தருகிறது. என்.இ.எஸ். கேசட்டில் அந்த இரண்டு பின்களும் இல்லை. காசில்வேனியா 3 என்ற பெயரில் அமெரிக்கா போன அதே ஆட்டத்தின் இசை இளைத்துப் போயிருப்பதைக் கேட்டாலே தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்; அப்புறம் என்.இ.எஸ். பதிப்பை வாங்க மனம் வராது.

சரி, அப்படியானால் பரணில் இருக்கும் நம் டிவி கேம்? அதில் ஆடியதுதானே நம் நினைவு? இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊர் டிவிகளின் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கென்று தைவான் சிப்களை வைத்துச் செய்த நகல்கள் விநாடிக்கு 50 காட்சிகள் காட்டும். ஜப்பானில் 60. பெரும்பாலான ஆட்டங்கள் காட்சிக் கணக்கை வைத்தே ஓடுவதால், அங்கே ஐந்து நிமிடத்தில் முடிவது இந்த நகல்களில் ஆறு நிமிடம் இழுக்கும். அசல் ஃபேமிகாமில் முதல் முறை காண்ட்ரா போடுகிறவர்கள் “என்ன இவ்வளவு வேகமாக ஓடுகிறான்!” என்று திகைப்பது அதனால்தான். போதாததற்கு, இந்த நகல் சிப்கள் பலவற்றில், இசையை உண்டாக்கும் சதுர அலையின் இரண்டு அமைப்புகள் இடம் மாறியிருக்கும். சுருதி சரியாக இருக்கும், நாதம் மட்டும் வேறாக ஒலிக்கும். அதாவது பலருடைய காதில் பதிந்திருக்கும் மரியோ இசையே அசல் இல்லை!

ஐரோப்பிய என்.இ.எஸ்ஸையும் இதோடு சேர்த்தே முடித்துவிடுகிறேன். நம் டிவி முறைதானே, சௌகரியம் என்று சிலர் வாங்குகிறார்கள். அதுவும் 50 காட்சிதான். தவிர அதன் பிராசசரே கொஞ்சம் மெதுவாக ஓடுவதால், சரிசெய்யாமல் விட்ட ஆட்டங்களில் சுருதியும் இறங்கிவிடும். வேண்டாம்.

நகல் கருவிக்குள் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அதன் அடியில் மொத்தக் கருவியும் ஒரே சில்லில் அடக்கம். அந்தப் பொட்டு போனால் கருவியும் போனது, ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. கேசட்டுகளின் கதையும் தெரிந்ததுதான்: மேலே ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும், உள்ளே அதே சில ஆட்டங்கள் வெவ்வேறு லெவலிலிருந்து திரும்பத் திரும்ப வரும். இருந்தாலும் இவற்றைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். ஜப்பானில் கிடைக்காத பொருள் இது. லேபிளில் சம்பந்தமே இல்லாமல் ஒட்டியிருக்கும் ஹாலிவுட் போஸ்டர், பட்டியலில் மாற்றி வைத்த பெயர்கள், அட்டைப் பெட்டியின் படங்கள் எல்லாம் ஒரு காலத்துக் கடைத்தெருவின் ஆவணம். வீட்டில் இருந்தால் பெட்டியோடு பத்திரமாக வையுங்கள். ஆனால் ‘விண்டேஜ்’ என்று பெயரிட்டு யாராவது பெருந்தொகை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். ‘ரெட்ரோ’ என்ற பெயரில் இதே வகைப் பெட்டிகள் இன்றும் புதிதாக விற்கின்றன.

ஃபேமிகாம் என்று முடிவானால் எந்த ஃபேமிகாம்? முதல் மாடல் அழகு. ஆனால் அதில் ஏ.வி. வெளியீடு இல்லை, ஆண்டெனா ஒயர் வழிதான். அதுவும் ஜப்பானிய சேனல் 1, 2 அலைவரிசையில் வரும். நம் ஊரில் அது பண்பலை வானொலியின் இடம், ஆகவே நம் டிவிகள் பெரும்பாலும் பிடிக்காது. உள்ளே ஏ.வி. மாற்றம் செய்த கருவியாக வாங்க வேண்டும். மாற்றியவர் கை சுத்தமாக இருந்தால் அதிர்ஷ்டம். நான் பரிந்துரைப்பது 1993இல் வந்த ஏ.வி. ஃபேமிகாம். கழற்றி மாட்டும் கண்ட்ரோலர், அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்குப் போடும் அதே ஏ.வி. கேபிள், நிறமும் அடக்கம். மைக் மட்டும் போச்சு. இதில் ஒரு கூத்து: அதே ஆண்டு அமெரிக்காவுக்கும் கிட்டத்தட்ட இதே உடம்பில், மேலிருந்து கேசட் போடும் புது என்.இ.எஸ். வந்தது. அதில் லாக் சிப்பை எடுத்தார்கள், நல்லது. கூடவே ஏ.வி. வெளியீட்டையும் எடுத்துவிட்டு ஆண்டெனா ஒயரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டி.சி., அதுவும் நடுமுனை எதிர்மின். இதைவிட ஆபத்தானது, அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டரை ஃபேமிகாமில் மாட்டுவது. அது 9 வோல்ட் ஏ.சி. தருவது. என்.இ.எஸ். உள்ளே அதை டி.சி.யாக மாற்றிக்கொள்ளும், ஃபேமிகாமுக்கு அந்த வசதி இல்லை.

விலைக்கு வருவோம். டோக்கியோவில் அகிஹாபாராவின் சூப்பர் பொட்டேட்டோ போன்ற கடைகள் சுற்றிப் பார்க்க அருமை, ஆனால் சுற்றுலாப் பயணிகளின் விலை. பழைய பொருள் விற்கும் ஹார்டு ஆஃப் கடைகளின் ‘ஜங்க்’ பெட்டிகளில் பிரபலமான ஆட்டங்கள் சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். ஜப்பானிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருந்தால் பெட்டியில்லாத வெறும் கேசட்டாக வாங்கிவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேசட்டும் ஒரு நிறம் என்பதால் அட்டைப் பெட்டி இல்லாமலே அலமாரி களைகட்டும். என்.இ.எஸ்ஸில் எல்லாம் ஒரே சாம்பல். தவிர, கடலோர ஈரப்பதத்தில் அட்டைப் பெட்டியைக் காப்பது தனி வேலை: சிலிகா ஜெல், ராமபாண பூச்சி, பூஞ்சை என்று போய்க்கொண்டே இருக்கும்.

சீல் பிரிக்காத, தரச்சான்றுக் கூண்டில் அடைத்த கேசட்டுகள் இன்னொரு உலகம். 2021 ஏப்ரலில் சீல் வைத்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஒன்று 6,60,000 டாலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டு ஜூலையில் சூப்பர் மரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர். பல லட்சம் பிரதிகள் விற்ற ஆட்டங்கள் இவை. விலை பிளாஸ்டிக் உறைக்கு. உண்மையிலேயே அரிதானது என்றால் 1990 நின்டெண்டோ வேர்ல்டு சாம்பியன்ஷிப்ஸ் கேசட்: சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. அது நமக்கு எட்டாது, எட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

ஆடுவது மட்டுமே நோக்கம் என்றால் சேகரிப்பே தேவையில்லை என்பார்கள். பாதி உண்மை. 2016இல் வந்த என்.இ.எஸ். கிளாசிக்கில் 30 ஆட்டங்கள், நல்ல படம், வந்தபோது மலிவு. ஆனால் அதில் சூப்பர் காண்ட்ரா உண்டு, முதல் காண்ட்ரா இல்லை. பேட்டில் சிட்டியும் இல்லை. ஜப்பானில் வந்த ஃபேமிகாம் மினியிலும் அப்படியே, கூடவே பெரியவர்கள் கைக்கு அடங்காத குட்டிக் கண்ட்ரோலர். மிஸ்டர் (MiSTer) போன்ற எஃப்.பி.ஜி.ஏ. கருவிகள் வேறு ரகம். மென்பொருளால் நடிக்காமல், சிப்பின் சுற்றையே மீண்டும் அமைத்து ஓட்டுவதால் தாமதம் தெரியாது, எச்.டி.எம்.ஐ. டிவியிலும் சுத்தமாக ஓடும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இந்தப் பட்டியலில் அதுதான் முதலிடம். ஒன்றே குறை: அலமாரியில் வைக்க எதுவும் மிஞ்சாது.

நடுவழி என்றால் எவர்டிரைவ் போன்ற ஃபிளாஷ் கேசட். அசல் ஃபேமிகாமில் ஒரே கேசட், மெமரி கார்டில் ஆட்டங்கள். பழைய கேசட்டுகளில் சேமிப்புக்காக வைத்த பேட்டரி செத்துப்போயிருக்கும் தொல்லை இதில் கிடையாது. கார்டில் எதை ஏற்றுகிறீர்கள் என்பதில் காப்புரிமைக் கேள்வி இருக்கிறது, அது அவரவர் பொறுப்பு. துப்பாக்கி ஆட்டம் வேண்டும் என்றால் மட்டும் எதை வாங்கினாலும் பழைய குழாய் டிவி ஒன்று தேவை. டக் ஹண்ட் துப்பாக்கி திரையின் ஒளி வரும் கணத்தை வைத்தே குறியை அறிகிறது, எல்.இ.டி. திரை அதற்கு எப்போதும் தாமதம்.

என் வரிசை இப்படி: முதலில் ஏ.வி. ஃபேமிகாமும் சரியான அடாப்டரும். பிறகு பேட்டில் சிட்டி, ரோடு ஃபைட்டர், மரியோ என்று மனதுக்குப் பிடித்த சில வெறும் கேசட்டுகள். ஜப்பானியக் காண்ட்ரா கொஞ்சம் விலை அதிகம், ஆனால் அசையும் பனைமரங்களும் இடையிடையே வரும் காட்சிகளும் அதில் மட்டும்தான், என்.இ.எஸ். பதிப்பில் அவை இல்லை. ஃபிளாஷ் கேசட் கடைசியில் போதும், முதலிலேயே வாங்கினால் தேடும் ஆசையே போய்விடும்.

கதை படித்து ஆடும் ஆட்டங்கள்தான் உயிர் என்பவர்களுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு மாறும். 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் ஃபேமிகாமில் முழுக்க ஜப்பானிய எழுத்து. ஆங்கிலத்தில் அது 1989இல் டிராகன் வாரியர் என்று என்.இ.எஸ்ஸுக்கு வந்தது, அடுத்த ஆண்டு ஃபைனல் ஃபேண்டஸியும் வந்தது. உங்களுக்கு அவை வேண்டும் என்றால் அமெரிக்க என்.இ.எஸ்ஸே வாங்குங்கள். வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு கேளுங்கள்: லாக் சிப்பை முடக்க அதன் நாலாவது காலை வெட்டியிருக்கிறதா, இணைப்பான் பழையதைக் காய்ச்சிச் சுத்தம் செய்ததா அல்லது புதிதாக மாற்றியதா. புதிய இணைப்பான்களில் சில, கேசட்டை விடாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும், பழையதே நல்லது.